உலகம் சுற்றி வந்து, ஊருக்கும் உழைத்து, கலையையும் வளர்த்த பெண் என்றால் உங்கள் நினைவுக்கு வருபவர் யார்?

கமலாதேவி சட்டோபாத்யாய். ஆனால் அவருடைய பெயருக்கு முன்பே, எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் ஒரு துணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பல வருடங்களுக்கு முன், ராகு கேது பரிகாரம் என்று மாமியார் என்னைக் காளஹஸ்திக்கு அழைத்துப் போனார். பூஜை முடிந்து, வெயிலுக்கு ஒதுங்கிய இடம், துணியில் இயற்கைச் சாயத்தால் படம் வரையும் ஒரு கலம்காரி ஓவியரின் வீட்டுத் திண்ணை. பெரியவர் தெலுங்கும் தமிழுமாகக் கலந்து பேசிக்கொண்டே, நுனியில் துணி சுற்றிய மூங்கில் குச்சியால் ராமர் பட்டாபிஷேகம் வரைந்துகொண்டிருந்தார். துணியில் பால் வாடை. கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து ஊறவைத்துக் காயவைத்தால்தான் மை பரவாது என்றார். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். அந்த நீர் குச்சியில் இருக்கும்போது வெளிறித்தான் தெரிகிறது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் முதலில் படிகாரம். நடுநடுவே சுவர்ணமுகி ஆற்றில் அலச வேண்டும். ஆற்றில் தண்ணீர் இருந்தால்.

தன் அப்பா இதை ஊரிலிருந்த அரசுப் பயிற்சி மையத்தில் கற்றதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரம்பரைத் தொழில், தாத்தா சொல்லித் தந்தது என்று கேட்கத்தானே காத்திருந்தேன்! 1950களில் காளஹஸ்தியில் இந்த வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராக இருந்த கமலாதேவியின் முயற்சியால்தான் அங்கே பயிற்சி மையம் வந்தது. அவர் பெயரை அந்தத் திண்ணையில்தான் முதன்முதலாகக் கேட்டேன். இத்தனைக்கும் மெரினாவை ஒட்டிய ராணி மேரி கல்லூரியில் படித்தவள் நான். அவரும் அங்கே படித்தவர். மூன்று வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

1903இல் மங்களூரில் பிறந்தார். சிறுவயதிலேயே மணமுடித்து, சிறுவயதிலேயே கணவரை இழந்தார். பிறகு சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத்தை மணந்துகொண்டார். 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் நின்று மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். உப்புச் சத்தியாகிரகத்தில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று காந்தியிடம் வாதாடினார். பம்பாய்ப் பங்குச் சந்தைக்குள்ளேயே போய் உப்புப் பொட்டலம் விற்றார்.

அவருடைய பயணங்களை நாம் சுற்றுலாக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. 1939இல் போர் மூண்டபோது வெளிநாட்டில் இருந்தவர், அமெரிக்கா போய் ஊர் ஊராக இந்திய விடுதலைக்காகப் பேசினார். அங்கே தென்மாநிலம் ஒன்றில், ரயிலில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்திருந்தவரை டிக்கெட் பரிசோதகர் எழுந்து போகச் சொல்லியிருக்கிறார். எந்த நாடு என்று அந்த ஆள் துருவியபோது, 'இந்தியா' என்று சொல்லியிருந்தால், வெளிநாட்டவர் என்று அதோடு விட்டிருப்பான். அவரோ, தான் நிறமுள்ள பெண் என்பது பார்த்தாலே தெரிகிறது, எழுந்திருக்கும் உத்தேசமில்லை என்றாராம். அவரைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். சலுகை கையருகே இருந்தும் அதைத் தொடவில்லை.

பிரிவினைக்குப் பின் அகதிகள் டெல்லியில் வந்து குவிந்தபோது, 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார். இன்று பாகிஸ்தானில் இருக்கும் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்களுக்காக எழுந்த ஃபரீதாபாத் நகரில் அந்த ஒன்றியத்தின் உழைப்பு உண்டு. வரிசையில் நிறுத்திச் சோறு போடுவதோடு கடமை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. வந்தவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வீடு கட்டட்டும், தொழில் செய்யட்டும் என்றார். டெல்லியின் மத்தியக் குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தை 1952இல் ஏற்று நடத்தியதும் இதே ஒன்றியம்தான். அகதி முகாமும் கைவினைக் கடையும் அவருக்கு ஒரே வேலை. அதனால்தான், 'புடவை, பொம்மை என்று கைவினை வளர்த்த அம்மையார்' என்று யாராவது சுருக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

நாடகத்துறையில் அவர் செய்தது தனிக் கதை; அதை இங்கே தொட்டால் முடியாது. 1966இல் மகசேசே விருது கிடைத்தது, 1988இல் மறைந்தார்.

அந்தப் பட்டாபிஷேகத்தைப் பேரம் பேசாமல் வாங்கினேன். பரிகாரத்துக்கு ஆன செலவைவிட அதிகம் என்று பஸ்ஸில் வழியெல்லாம் மாமியார் முணுமுணுத்தார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், கடுக்காயில் தொடங்கி ஆறு வரைக்கும் விளக்குவது அவர்தான்.