ஆன்லைனில் பழைய சோவியத் ஃபிலிம் கேமரா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஸோர்க்கி 4 ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, படத்தில் பளபளவென்று தெரிகிறது, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், நல்ல கேமரா. ஆனால் பளபளப்பை விடுங்கள், ஷட்டரை, அதாவது படமெடுக்கும்போது ஒரு கணம் திறந்து ஃபிலிமில் ஒளி விழவிடும் பகுதியைப் பாருங்கள்.

இதன் ஷட்டர் ரப்பர் பூசிய துணித் திரை. 1956 முதல் 1973 வரை தயாரான கேமரா என்பதால் அந்த ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். 'ஃபிலிம் போட்டுச் சோதித்தது' என்று எழுதியிருந்தால், அந்தப் படங்களைக் கேளுங்கள். உண்மையிலேயே சோதித்தவர் தயங்காமல் அனுப்புவார்.

அப்புறம், ஃபிலிமை நகர்த்தும் குமிழைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான், ஷட்டர் வேகத்தை மாற்றும் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே பழுதாகலாம். விற்பவருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், கேமராவை எப்படிக் கையாண்டிருப்பார் என்பது புரிந்துவிடும்.

லென்ஸில் லேசான தூசி பரவாயில்லை. சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் வேண்டாம்.

தேடும்போது, விலை உயர்ந்த ஜெர்மன் கேமராவான லைக்காவின் பெயரில் தங்க நிற 'லைக்கா'க்களும் மலிவாகக் கண்ணில் படும். அவற்றில் பல, ஃபெட் என்ற இன்னொரு சோவியத் கேமரா அல்லது ஸோர்க்கியின் மேல் லைக்கா பெயரைப் பொறித்தவை. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள்: அசல் லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டரை (தூரம் கணித்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பை) தள்ளும் நெம்புகோலின் நுனியில் சின்ன உருளை இருக்கும், சோவியத் கேமராவில் பெரும்பாலும் ஆப்பு வடிவத் துண்டு இருக்கும்.