பாமணியாற்றில் தொடங்கும் கடல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மன்னார்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. நாட்டு நலப்பணித் திட்டத்தில் தொண்டராக இருக்கிறேன். சென்ற மாதம் நாங்கள் நாற்பது பேர் முத்துப்பேட்டைக்கு அருகிலுள்ள மீனவர் ஊர் ஒன்றுக்குச் சென்று, கரையைச் சுத்தம் செய்து, கடல்வளம் காக்கும் உறுதிமொழி எடுத்தோம். பவளப்பாறையும் நீலத்திமிங்கலமும் வரைந்த பதாகைகளுடன் ஊர்வலமும் போனோம். பதினான்கு மூட்டை குப்பை சேர்ந்தது. புறப்படும் நேரத்தில், வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இதெல்லாம் எங்க குப்பைன்னா நெனச்சீங்க பாப்பா? பாதிக்கு மேல உங்க ஊரு ஆத்துல வந்தது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பும் வழியில் எங்களில் யாருக்கும் பேச்சு எழவில்லை. மறுபடியும் அந்த ஊருக்குப் போகலாமா? போனால் அவர்களிடம் எதைச் சொல்வது?

அன்புள்ள மாணவிக்கு,

போக வேண்டும். ஆனால் அதற்கு முன் அந்தப் பெரியவர் சொன்னதை உங்கள் ஊரிலேயே சரிபார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

என் ஊர் நீடாமங்கலம். இங்கே மூணாறு தலைப்பு என்னும் ஆறு பிரியும் மதகில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறு உங்கள் மன்னார்குடியைத் தொட்டுக்கொண்டு தெற்கே ஓடி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் நடுவிலுள்ள காயலில் கலக்கிறது. அதே தலைப்பில் பிரியும் கோரையாறும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் ஆண்டுகளில் சில நாட்கள் கழித்து எங்கள் ஊருக்குப் புதுத் தண்ணீர் வரும். நுங்கும் நுரையுமாக வரும் அந்தத் தண்ணீரைப் பார்க்கச் சிறு வயதில் மதகின் மேல் ஏறி நிற்போம். இன்றும் நிற்கிறேன். இப்போது தண்ணீருக்கு முன்னால் வருவது பூச்சிமருந்துப் புட்டிகளும், ஷாம்பு உறைகளும், மாத்திரை அட்டைகளும், தெர்மாகோல் துண்டுகளும்தான். மதகுக் கதவில் ஒரு நிமிடம் சுழன்று நின்று, கதவு உயர்ந்ததும் அவை கீழே நழுவிப் போய்விடும். ஊர் சுத்தமாகிவிட்டதாக நாங்களும் நினைத்துக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் முத்துப்பேட்டைக் காட்டுக்குள் படகில் போனபோது, நீர் வற்றிய சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர்களைக் கிட்டத்தில் பார்த்தேன். பென்சில் நட்டுவைத்தாற்போல் நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி நிற்கும் அந்த வேர்களின் வழியாகத்தான், காற்றே புகாத அந்தச் சேற்றில் மரம் சுவாசிக்கிறது. ஒரு கொத்து வேரின் மேல் பிளாஸ்டிக் பை ஒன்று உறைபோட்டது போல் இறுகிக் கிடந்தது. கையால் உரித்தெடுத்து விரித்துப் பார்த்தபோது, அதில் எங்கள் ஊர்த் துணிக்கடை ஒன்றின் பெயர் பாதி அழிந்த நிலையில் இருந்தது. படகுக்காரர் எதுவும் சொல்லவில்லை. அவர் அதைப் போல எத்தனையோ பார்த்திருப்பார். 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட காடு அது. அந்த அடியிலிருந்து தேறிவர வேண்டிய மரங்களின் மூச்சை எங்கள் ஊர்ப் பைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை அன்று முதல் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே உங்கள் பதினான்கு மூட்டைகளில் இரண்டையாவது பிரித்துக் கொட்டி, ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருப்பதைப் படித்திருக்கலாமே என்று தோன்றுகிறது. எந்த ஊர்க் கடை, எந்த மருந்து, எந்தப் பண்டம் என்று எழுதிவைத்த ஒரு நோட்டு உங்கள் கையில் இருந்தால், நகராட்சியிடமும் உரக்கடைக்காரர்களிடமும் விவசாயிகளிடமும் பேச அதைவிட வலுவான சான்று கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் வருமுன் கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள். அள்ளிய மண்ணோடு வரும் பிளாஸ்டிக் கரையிலேயே குவிந்து கிடந்து, முதல் மழையில் மீண்டும் உள்ளே சரிகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் அல்லவா? அதில் ஒரு பகுதியைத் தூர்வாரும் நாட்களில் பாமணியாற்றின் கிளை வாய்க்கால் கரைகளில் செலவிட்டால், அதுவே கடலுக்குச் செய்யும் வேலை.

பதாகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், வருந்தாதீர்கள். பவளப்பாறை மன்னார் வளைகுடாவின் செல்வம். நீங்கள் போன கரையை அடுத்திருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அங்கே அதிகம் வளர்வது கடற்புல். அது பாசி அன்று. வேரும் இலையும் பூவும் உள்ள செடி. வெளிச்சம் கிடைத்தால்தான் பிழைக்கும். வயல்களிலிருந்து வடியும் உரச்சத்து மிகுந்து பாசி பெருகினால், இலைமேல் வெயில் படாமல் அழியும். அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அதன் எல்லை அதிராம்பட்டினத்தில் தொடங்குகிறது. முத்துப்பேட்டைக்கு அடுத்த ஊர்தான். இவ்வளவு அருகில் ஆவுளியா இருக்கும்போது, நீலத்திமிங்கலத்தைப் பதாகையில் பார்த்த அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் கடலைப் பற்றிய பேச்சு அது என்று எப்படித் தோன்றும்?

ஆவுளியா நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பது. வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். ஈன்றால் ஒரே கன்று. அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே ஒன்று சாவதும் பேரிழப்பு. அதைக் காப்பாற்றக்கூடியவர் அந்த நேரத்தில் வலைக்கு அருகில் இருக்கும் மீனவர் ஒருவர் மட்டுமே. காப்பாற்ற அவர் கடன் வாங்கி வாங்கிய வலையை அறுக்க வேண்டும். அப்படி அறுத்து விடுவித்தவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது உறுதிமொழித் தாளை விட்டுவிட்டு, அந்தப் பெரியவரிடம் வலையைப் பற்றிக் கேளுங்கள்: எந்த வலையை எந்த மாதம் விடுகிறார்கள், கண்ணியின் அளவு என்ன, அறுத்தால் எவ்வளவு நட்டம், கடற்புல் முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இல்லை. அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டையும் அவரிடம் காட்டுங்கள். எங்கள் ஊரில் இதை இப்படிக் குறைத்திருக்கிறோம் ஐயா என்று சொல்ல அதில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு புதுத் தண்ணீர் மூணாறு தலைப்புக்கு வரும் நாள் தெரிந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன். மன்னார்குடிக்கு அது வந்து சேருமுன் நீங்கள் எந்தப் பாலத்தில் நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். வலைக்கூடையோடு நானும் வருகிறேன்.