வேம்பின் கசப்பு வீக்கத்தைக் குறைக்குமா? கேட்டதும் சொன்னதும்

வேம்பிலிருந்து பிரித்தெடுக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்குமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் தாவர வேதியியல்காரன், வைத்தியன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சார், வேம்பில் வேலை செய்வது எந்தப் பொருள்? ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஒரு கூட்டம். அந்தக் கசப்புக்குப் பெரும்பாலும் காரணம் லிமோனாய்டு என்ற குடும்பம். 1942-ல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என மூன்றைப் பிரித்தார். இவற்றில் நிம்பிடின் ஒரு கலவை என்று பிறகு தெரியவந்தது. இன்று ஆய்வகங்களில் அதிகம் அடிபடும் பெயர் நிம்போலைடு. அது இலையிலும் பூவிலும் இருக்கிறது.

நிம்போலைடு உடலுக்குள் என்ன செய்கிறது?

அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களுக்கு என்எஃப்-கப்பா பி என்ற புரதம்தான் சாவி மாதிரி. அந்தச் சாவியைத் திருப்பிவிடும் நொதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. நிம்போலைடு அதில் போய் ஒட்டிக்கொள்ள, சாவி திரும்புவதில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சிஸ்டீன் உடம்பெங்கும் ஆயிரம் புரதங்களில் இருக்கிறது. 2019-ல் ஆர்என்எஃப்114 என்ற வேறொரு புரதத்தையும் இது பிடிப்பதாகக் கண்டார்கள். பல இடங்களில் ஒட்டும் பொருளை மருந்தாக்குவது பெரும்பாடு.

முதுகலை மாணவி நான். சாறு சேர்த்ததும் நைட்ரைட் சோதனையில் இளஞ்சிவப்பு வெளுத்துவிட்டது. அழற்சி குறைந்தது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. எலியின் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பாக்டீரியா நச்சைக் கொடுத்தால் அவை நைட்ரிக் ஆக்சைடு விடும். அது நைட்ரைட்டாக மாறும், கிரீஸ் வினைப்பொருள் அந்த நைட்ரைட்டை இளஞ்சிவப்பாகக் காட்டும். நிறம் வெளுத்தால் செல்கள் அமைதியாகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம், செத்துப்போய்விட்டன என்றும் எடுத்துக்கொள்ளலாம். செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடு விடாதே! எம்டிடி என்ற சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதாவாக்கும், அந்தச் சோதனையில் ஊதா நிறம் வருகிறதா பாருங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: சில தாவரச் சாறுகள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். சோதனைத் தட்டில் செல் இல்லாத குழியொன்றில் எம்டிடியோடு சாற்றை மட்டும் ஊற்றிப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

எலியின் பாதத்தில் வீக்கம் குறைந்தது என்று படித்தேன். அப்படியானால் என் மூட்டுவலிக்கும் கேட்குமா?

அந்தச் சோதனையில் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த காராஜீனனை எலியின் பின்னங்காலில் ஊசியால் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் பாதம் உப்பும். நிம்பிடின் கொடுத்த எலிகளில் அந்த உப்பல் குறைந்தது உண்மை. அது ஒரே நாளில் வந்து போகும் வீக்கம். உங்கள் மூட்டுவலி வருஷக்கணக்கில் இருப்பது. மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

லிமோனாய்டுகள் தண்ணீரில் சரியாகக் கரையாதவை. ஆய்வகத்தில் மெத்தனால் போன்ற கரைப்பானில் எடுத்த சாறும் உங்கள் கஷாயமும் ஒரே சரக்கல்ல.

ஐயா, கைக்குழந்தைக்குச் சளி. வேப்பெண்ணெய் ஒரு கரண்டி புகட்டலாம் என்கிறார்கள்...

வேண்டவே வேண்டாம். 5 மில்லி உள்ளே போன குழந்தைகளுக்கே வாந்தி, மயக்கம், வலிப்பு, ரத்தத்தில் அமிலத்தன்மை எல்லாம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ரை நோயைப் போல மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கர்ப்பிணிகளும் உட்கொள்ளக் கூடாது. விலங்குகளில் கரு கலைந்தது தெரிந்த விஷயம்.

ஈறு வீக்கத்துக்கு?

இங்கே கொஞ்சம் தைரியமாகப் பேசலாம், மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். வேம்பு வாய்க்கொப்பளிப்பு, பல் மருத்துவர்கள் தரும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்புக்கு நெருக்கமாக வந்த சில ஆய்வுகள் உண்டு. சிறிய ஆய்வுகள்தான். கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

(மாணவி மறுபடியும்) செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன சார், நிறமும் வெளுத்திருக்கிறது. இப்போது எழுதலாமா?

இன்னொரு குழி பாக்கி. செல் இல்லாத வெறும் நைட்ரைட் கரைசலில் சாற்றைக் கலந்து கிரீஸ் வினைப்பொருளை விட்டுப் பாருங்கள். அங்கேயும் நிறம் வெளுத்தால் சாறு தடுத்தது அழற்சியை அல்ல, உங்கள் சோதனையை.