நாயகன் பெயரும் பிறந்த வருஷமும்

கேள்வி: உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ நாவல்கள் என்றால் எனக்கு உயிர். நாயகன் கெட்டின் பெயரையே யூசர்நேமாக வைக்கப் பார்த்தேன், யாரோ முந்திக்கொண்டார்கள். கூடவே சேலத்தையும் நான் பிறந்த வருஷத்தையும் சேர்த்ததும் கிடைத்துவிட்டது. எல்லா இடத்திலும் இதையே வைத்துக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். நான் சொல்வதற்கு முன்பே நீங்கள் கொண்டாடும் நாவல் அதைச் சொல்லிவிட்டது. 1968-ல் வந்த அந்த முதல் புத்தகத்தில், உண்மைப் பெயர் தெரிந்தவன் கையில்தான் ஒருவனுடைய குடுமி. அதனால் ஊருக்கெல்லாம் நாயகன் ஸ்பாரோஹாக், ஒரு வேட்டைப் பறவையின் பெயர். கெட் என்பது அவன் நம்புகிறவர்களுக்கு மட்டும். நண்பன் வெட்ச் பிரிந்து போகும்போது தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறானே, அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அதைப் படித்த நீங்களா ஊரையும் வயதையும் முன்பின் தெரியாதவர்களிடம் கொடுப்பது?

எல்லா இடத்திலும் ஒரே பெயர் என்பது அதைவிட மோசம். ஆன்லைன் விளையாட்டில் உங்களோடு முறைத்துக்கொண்ட ஒருவன் அந்தப் பெயரைத் தேடினால் போதும், உங்கள் போட்டோ இருக்கிற பக்கத்துக்கே வந்து நிற்பான். பாஸ்வேர்டிலும் அதே வருஷம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

சரி, பிடித்த நாவலை விட வேண்டியதில்லை. நாயகனை விட்டுவிட்டு அதிலிருந்து ஒரு காட்சியை எடுங்கள். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பாடியதால் செம்புலப்பெயனீரார். அடுத்த பாட்டில், தலைவன் இல்லாதபோது ஆள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிற மாதிரி வெறிச்சோடிப் போகிறேன் என்கிறாள் ஒருத்தி. பாடியவர் அணிலாடு முன்றிலார். குப்பைக்கோழிச் சண்டையைச் சொன்னவர் குப்பைக்கோழியார். ஊர், வயது, குலம் எதுவும் இந்தப் பெயர்களில் இல்லை. ஆனால் அந்த மனிதர் எதை உற்றுப் பார்த்தார் என்பது இத்தனை நூற்றாண்டு கழித்தும் தெரிகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல புனைபெயர்கள் கிடையாது.

ஆகவே நாவலை இன்னொரு முறை பென்சிலோடு படியுங்கள். ஒரு படகு, ஒரு தீவு, ஒரு காற்று, எது உங்களை நிறுத்துகிறதோ அது. அதோடு உங்கள் கண்ணில் பட்ட ஒன்றைச் சேருங்கள். கோடை மழைக்குப் பிறகு ஏற்காட்டில் காபி பூத்துக் கிடக்குமே, அந்த வாசனையாக இருக்கலாம். இருபதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் கண்ணாடியை மூடுகிற பனியாக இருக்கலாம். ஊர்ப் பெயரை எழுதாமலே ஊர் உள்ளே வந்துவிடும்.

தமிழ்ச் சொல் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான தளங்கள் ஆங்கில எழுத்தைத்தான் ஏற்கும். நீங்கள் மழை என்று நினைத்து எழுதியதை மலை என்று படிப்பார்கள். சேர்வராயன் மலையே ஆங்கிலத்தில் ஷெவராய் ஆன ஊர் நம்முடையது. ல, ள, ழ வராத சொல்லாகப் பாருங்கள். எக்ஸ் தளத்தில் 15 எழுத்துக்குள் அடங்கவும் வேண்டும்.

உங்கள் சொந்தப் பெயரும் விலாசமும் இந்தக் கடிதத்தில் இருக்கின்றன. கடைசியில் எந்தப் பெயரை வைத்தீர்கள் என்று எனக்கு எழுதாதீர்கள்.