மிட்ஃபீல்டர் ஒருவர் எத்தனை வயது வரை ஆட முடியும்?

உங்கள் தங்கை கல்லூரிக் கால்பந்து அணியில் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்களத்தில் ஆடுபவர், முப்பதைத் தாண்டினால் அந்த இடத்தில் ஓட முடியாது என்று யாரோ பயமுறுத்துகிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை அப்படிச் சொல்பவரிடம் ஃபோர்மிகா என்ற பெயரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பிரேசில்காரர். போர்த்துகீசிய மொழியில் ஃபோர்மிகா என்றால் எறும்பு. தனக்கென்று பந்தை வைத்துக்கொள்ளாமல் அணிக்காக ஓயாமல் உழைத்ததால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். 1995இல் சுவீடன் உலகக் கோப்பைக்குப் போனபோது வயது 17. 2019இல் பிரான்சில் ஆடியபோது 41. நடுவில் ஒன்றையும் விடவில்லை, மொத்தம் 7. பெண்கள் கால்பந்து 1996இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதிலிருந்து டோக்கியோ வரை 7 ஒலிம்பிக்கிலும் ஆடியவர் இவர் ஒருவர்தான்.

எப்படி முடிந்தது? அவர் ஆடிய இடத்தைப் பாருங்கள். தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நின்று, எதிரணியின் பாஸ் எங்கே வரும் என்று மோப்பம் பிடித்து, அதை மறித்து, யாரும் மறிக்காமல் நிற்கும் சக ஆட்டக்காரிக்குத் தள்ளிவிடும் வேலை. கால் வேகம் குறைந்தாலும் இந்த மோப்பம் குறையாது, கூடத்தான் செய்யும். 2015இல் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். எதிரணித் தடுப்பாட்டக்காரர் கோல்கீப்பரை நோக்கித் தள்ளிய பந்தில் வேகம் போதவில்லை. இவர் அதற்குள் புகுந்து எடுத்து, வலைக்குள் போட்டுவிட்டார். அப்போது வயது 37! கல்லூரியில் நானும் இதே இடத்தில்தான் ஆடினேன். பந்து வந்த பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்று யோசிப்பேன். பயிற்சியாளரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடச் சட்டப்படியே தடை. ஃபோர்மிகா பிறந்தது 1978இல். அதாவது, அவர் பிறந்த நாட்டில் அன்று அவர் ஆடுவதே குற்றம். தடை போன பிறகும் வீட்டில் விடவில்லை. பந்தைத் தொட்டதற்காக அண்ணன்மார் அடித்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

உலகக் கோப்பையோ ஒலிம்பிக் தங்கமோ கிடைக்கவில்லை என்பது வேறு. 2004, 2008 ஒலிம்பிக் இறுதிகள் இரண்டிலும் கூடுதல் நேரத்தில் அமெரிக்காவிடம் தோல்வி. 2007 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியிடம். கிளப்பில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. 14 முறை தொடர்ந்து லியோன் அணி வென்ற பிரெஞ்சு லீக்கை 2021இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் தட்டிப் பறித்தபோது, 43 வயதில் அந்த அணியில் இருந்தார்.

இதையெல்லாம் சாதனையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 2016இல் தேசிய அணியிலிருந்து விடைபெற்றவரை 2018இல் மறுபடி கூப்பிட்டார்கள். இருபது வருடமாக ஒருவர் ஆடும் இடத்துக்கு அடுத்த ஆளைத் தயார் செய்யாமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம் யாரோடு தெரியுமா? நம்மோடுதான். 2021 நவம்பரில், பிரேசிலின் மனாஸ் நகரில். நமக்கு அதிகாலை ஐந்தரை மணி, போர்வைக்குள்ளேயே ஃபோனில் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் போட, நம் மனிஷா கல்யாண் 8ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். நான் போட்ட கத்தலில் வீடே எழுந்துவிட்டது. அப்புறம் 6-1. இரண்டாம் பாதியில் எறும்பு மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். ஓரத்தில் நின்ற பிரேசில் பயிற்சியாளர் பியா சுண்டாகே, 1995 உலகக் கோப்பையில் சுவீடனுக்காக ஆடியவர். அவர் ஓய்வு பெற்று, பயிற்சியாளராகி, தலை நரைத்தும் விட்டது. ஃபோர்மிகா இன்னும் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார்.