தும்பிக்கையைப் பரணில் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பல வருடமாகவே பலத்த குறட்டை. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது, கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லி, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். வாய் காய்கிறது, தும்பிக்கை மாட்டின மாதிரி இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடுகிறார். இதனால் இதயத்துக்குப் பிரயோஜனமில்லை என்று ஆராய்ச்சியே இருப்பதாக மகன் சொல்கிறான். உண்மையா? அடுத்த மாதம் மகள் சீமந்தத்துக்கு நான்கு நாள் கோவை போகிறோம். அப்போதாவது விட்டுவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தும்பிக்கைதான், சந்தேகமில்லை. ஒன்பது வருடமாக நானும் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். முதல் வாரம் தூக்கத்திலேயே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வீசியிருக்கிறேன். நுரையீரல் டாக்டர் என்றால் மூக்கு வேறு மாதிரியா இருக்கும்?

மகன் படித்தது பொய்யில்லை. 2016-ல் வெளியான சேவ் ஆய்வில், இதய நோயோ பக்கவாதமோ வந்து ஸ்லீப் ஆப்னியாவும் இருந்த சுமார் 2,700 பேரைக் கவனித்தார்கள். அடுத்த மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் மெஷின் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் கொடுத்தவர்கள் அதைப் போட்டதே இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரம்தான். பாதி ராத்திரிக்கு மட்டும் வைத்தியம்! நான்கு மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பலன் தெரிந்ததாகப் பிறகு கணக்குப் போட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல். மெஷினை ஒழுங்காகப் போடுகிறவர் மாத்திரையையும் ஒழுங்காகத்தான் போடுவார். எது காப்பாற்றியது என்று எப்படிப் பிரிப்பது?

அதனால் அடுத்த அட்டாக் வராது என்று நான் எழுதித் தர மாட்டேன். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எதையும் மெஷினை நம்பி நிறுத்தவே கூடாது. ஆனால் மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்கி, மூளை திடுக்கிட்டு எழுந்து, ரத்த அழுத்தம் எகிறுகிறது. அடிபட்டு ஆறிவரும் இதயத்துக்கு மணிக்கு 38 தடவை இது தேவையா? மெஷினால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும், பகல் தூக்கம் நன்றாகக் குறையும். கல்லாவில் உட்கார்ந்தபடி அவர் தூங்கி விழுகிறாரா, பாருங்கள். விழுந்தால், விடியற்காலை சரக்கெடுக்க வண்டி ஓட்ட வேண்டாம்.

சரி, வாய் காய்வதற்கு வருவோம். வாயைத் திறந்து தூங்கினால் மூக்கு வழியாகப் போகும் காற்றெல்லாம் வாய் வழியாக வெளியே போய்விடும். தாடையைத் தாங்கும் பட்டி அல்லது வாயையும் மூடும் மாஸ்க் கேளுங்கள். மெஷினில் உள்ள ஈரப்பதத் தொட்டியில் சுத்திகரித்த தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். அவருக்கு மீசை உண்டா? புதர் மீசை என்றால் மாஸ்க் ஓரம் காற்று சீறும். என் நோயாளி ஒருவர் மூன்று மாஸ்க் மாற்றினார், மீசையை மட்டும் தொடவில்லை. கடைசியில் மூக்குத் துளையில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் கொடுத்து மீசையைக் காப்பாற்றினோம். அப்புறம், காற்று மெதுவாக ஏறும் ரேம்ப் வசதியைப் போடுங்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகட்டும். தூக்க மாத்திரை, மது இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழேயோ இருந்து, மூளையே மூச்சு விட மறக்கிற வகை ஆப்னியா என்று ரிப்போர்ட்டில் இருந்தால், ஏஎஸ்வி என்ற வகை மெஷின் கூடாது. அது ஆபத்து என்று 2015-லேயே தெரிந்துவிட்டது. உங்களிடம் இருப்பது சிபாப்தான், ஆனாலும் ரிப்போர்ட்டை இதய டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கோவைக்கு மெஷினும் வரட்டும். சீமந்த வீட்டில் எல்லோரும் ஒரே ஹாலில் படுப்பார்கள். குறட்டை இல்லாத அவரை உறவுக்காரர்கள் முதல் முறையாகப் பார்ப்பார்கள். பையில் வைப்பதற்கு முன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி, புது மெஷின்தான் வாங்க வேண்டியிருந்தது.