சம்பா கோதுமையும் சப்பாத்திக் கோதுமையும் ஒரே பயிரின் இரண்டு ரகங்கள்தானா?

இல்லை. பொன்னிக்கும் கிச்சிலிச் சம்பாவுக்கும் உள்ள மாதிரி வித்தியாசம் இல்லை இது. இரண்டும் நெருங்கிய சொந்தம், ஆனால் இனமே வேறு. சம்பா கோதுமைக்கு 28 குரோமோசோம், சப்பாத்திக் கோதுமைக்கு 42.

ஆதியில் மேற்கு ஆசியாவில் தலா 14 குரோமோசோம் கொண்ட இரண்டு காட்டுப் புற்கள் தாமாகவே கலந்து, 28 உள்ள காட்டுக் கோதுமை உண்டானது. அதைப் பயிராக்கிய வழியில் வந்ததுதான் சம்பா. உமி லேசில் கழலாது, இடித்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம், சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, காஸ்பியன் கடலுக்குத் தென்புறத்தில் அந்த 28 குரோமோசோம் பயிரோடு ஏகிலாப்ஸ் என்ற இன்னொரு 14 குரோமோசோம் புல் சேர்ந்தது. 42 வந்த கதை இதுதான். இந்தக் கலப்பு நடந்தது மிகச் சில தடவைதான் என்பதால், அந்தப் புல்லிடம் இருந்த மரபணு வகைகளில் கொஞ்சமே சப்பாத்திக் கோதுமைக்குள் வந்தது. உலகமே சாப்பிடும் பயிருக்கு இது பெரிய பலவீனம் என்பேன்.

நான் குன்னூர்க்காரன், அதனால் எங்கள் மலையைச் சொல்லாமல் விட முடியாது. கோதுமையைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சை சமவெளி வெயிலில் செத்துவிடும். நீலகிரி, பழனி மலைக் குளிரில் வருஷம் முழுக்க உயிரோடு இருந்து, காற்றேறி மத்திய இந்தியா வரை போகும். கே.சி. மேத்தா என்ற விஞ்ஞானி சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் இதைக் கண்டறிந்தார். கோதுமைக்குப் பேர்போகாத தமிழ்நாட்டில், வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருப்பதற்குக் காரணமே இந்த நோய்தான். நோய் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தானே தாங்கும் ரகத்தைச் சலித்தெடுக்க முடியும்!

தாங்கும் மரபணுக்கள் பலவும் சொந்தக்காரப் புற்களிடமிருந்து கடன் வாங்கியவை. எஸ்ஆர்24 என்ற மரபணு உயரமான ஒரு காட்டுப் புல்லிலிருந்து வந்தது. வெலிங்டனில் அதை நம் நாட்டு ரகங்களில் ஏற்றினார்கள். எஸ்ஆர்31 என்ற இன்னொரு மரபணு, கோதுமைக்குச் சொந்தமான ரை என்ற தானியத்தின் சொத்து. 1999-இல் யூஜி99 என்று பெயரிடப்பட்ட உகாண்டாத் துரு அது தந்த பாதுகாப்பையே உடைத்தது. ஆகவே தேடல் ஓயாது.

கடையில் 'சம்பா கோதுமையில் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) இல்லை' என்பார்கள். இருக்கிறது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் சம்பா ரவை உப்புமாவையும் தொடக்கூடாது.